ஆக்சிமீட்டர் காட்டிய எண்



கோவிட் நாள்களில் அமெரிக்கக் கறுப்பினத்தவரும் பிரிட்டனின் தெற்காசியரும் அதிகமாக இறந்தார்கள் என்றதும், "அவங்க உடம்புவாகு அப்படி" என்று பலர் பேச்சை முடித்துக்கொண்டார்கள். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நுரையீரல் பாதிப்பைக் கூட்டும் ஒரு மரபணு வடிவம் தெற்காசிய மரபினரில் சுமார் 60 விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் ஆப்பிரிக்க-கரீபிய மரபினரில் அது 2 விழுக்காடுதான். அவர்களும்தானே அதிகமாக இறந்தார்கள்?

லூசியானாவின் ஆக்ஸ்னர் மருத்துவமனைக் குழுமத்தின் கணக்கு தெளிவானது. அதன் வழக்கமான நோயாளிகளில் கறுப்பினத்தவர் 31 விழுக்காடு. 2020 வசந்தத்தில் அங்கே கோவிடால் இறந்தவர்களிலோ அவர்கள் 70.6 விழுக்காடு. ஆனால் வார்டில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்து, வயதையும் வந்து சேர்ந்தபோதிருந்த நிலைமையையும் மற்ற காரணங்களையும் கழித்துப் பார்த்தால், இறப்பில் இன வேறுபாடு தெரியவில்லை. வீட்டிலிருந்து பார்க்க முடியாத வேலை, நெருக்கடியான வீடு, கவனிக்காமல் விட்ட சர்க்கரை நோய்: ஆட்களை மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

வாசலுக்கு உள்ளே எல்லாம் சமம் என்றும் நினைத்துவிடாதீர்கள். மருத்துவ மாணவர்களே, நீங்கள் தினமும் நோயாளியின் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அது ரத்த ஆக்சிஜனை விழுக்காட்டில் கணிக்கிறது. இடையில் தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கருவி காட்டிய எண்ணைத் தமனி ரத்தப் பரிசோதனையோடு (ஏ.பி.ஜி.) ஒப்பிட்டு 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், உண்மையில் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரிடம் 2,778 அளவீடுகளில் 99. கறுப்பினத்தவரிடம் 749-இல் 88. அதாவது 3.6 விழுக்காட்டுக்கு எதிராக 11.7.

கோவிட் வார்டில் இந்தச் சில புள்ளிகள்தாம் எல்லாவற்றையும் தீர்மானித்தன. பல இடங்களில் 94-க்குக் கீழே போனால்தான் ஆக்சிஜன், ஸ்டீராய்டு. மேலே இருந்தால் "வீட்டிலேயே இருங்க" என்ற ஆலோசனை. மூச்சிரைத்துக்கொண்டே வந்தவரிடம், எண் நன்றாக இருக்கிறதே என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கருவியே சாட்சியானது. கறுப்பின, ஹிஸ்பானிக் நோயாளிகளுக்குச் சிகிச்சைத் தேவை தாமதமாகவே தெரிந்தது என்று 2022-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வும் சொன்னது.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். இந்தப் பிழையை ஜுப்ரான், டோபின் என்ற இரு மருத்துவர்கள் 1990-லேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல் கேட்டது என்ன? குறைந்தது 10 பேரிடம் சோதனை. அவர்களில் கருந்தோலினர் 2 பேரோ 15 விழுக்காடோ, எது அதிகமோ அது. அந்தச் சோதனையில் தேறிய கருவிகள் உலகெங்கும் போயின. 2025 ஜனவரியில் வந்த புதிய வரைவு 150 பேரைக் கேட்கிறது.

நம் தோலின் நிறம் நமக்குத் தெரியும். ஆகவே மாணவர்களே, நோயாளி நிமிடத்துக்கு 30 முறை மூச்சு வாங்குகிறார், ஆக்சிமீட்டர் 95 காட்டுகிறது என்றால், மூச்சை நம்புங்கள், ஏ.பி.ஜி. எடுங்கள். கொள்முதல் குழுவில் உட்காரும் நாள் வந்தால், யார் யார் விரலில் சோதித்தீர்கள் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.