புழுவின் ஆயுளும் நிதியின் ஆயுளும்

வோல்டா ஆற்றுப் படுகையின் வண்டல் மண், மேற்கு ஆப்பிரிக்காவின் வளமான நிலங்களுள் ஒன்று. ஆயினும் 1970களின் தொடக்கத்தில் அதன் பெரும்பகுதி ஆளின்றிக் கிடந்தது. உழவர்கள் ஆற்றை விட்டு விலகி, வறண்ட மேட்டு நிலங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஆற்றோரம் குடியிருந்தவர்களுக்குக் கண் போனதே காரணம். விரைந்தோடும் நீரில் முட்டையிடும் சிமுலியம் என்னும் கரிய ஈ, கடிக்கும்போது ஆங்கோசெர்க்கா என்ற புழுவை மனித உடலில் சேர்க்கிறது. வளர்ந்த பெண்புழு தோலுக்கடியில் முடிச்சுகளில் தங்கி, நுண்புழுக்களை இலட்சக்கணக்கில் ஈனுகிறது. அவை தோலில் பரவி ஓயாத அரிப்பைத் தருகின்றன. கண்ணை அடைந்து மடியும்போது அழற்சி உண்டாகிப் பார்வை சிறிது சிறிதாகப் போய்விடுகிறது. நோய் முற்றிய ஊர்களில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் பார்வையிழந்திருந்தனர். உழைக்கும் வயதில் கண் போனதால், நோயும் வறுமையும் ஒன்றையொன்று வளர்த்தன.

இந்நோயை ஒரு நாடு தனியே ஒழித்துவிட முடியாது. ஈ காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். ஒரு நாட்டில் அழித்தால் அடுத்த நாட்டிலிருந்து திரும்பி வரும். 1972இல் உலக வங்கித் தலைவர் ராபர்ட் மக்னமாரா மேற்கு ஆப்பிரிக்க நாடான அப்பர் வோல்டாவுக்குச் சென்று நிலைமையை நேரில் கண்டார். 1974இல் உலக வங்கி, உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை அமைப்பு ஆகிய நான்கும் இணைந்து ஏழு நாடுகளில் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கின. பின்னர் அது பதினொரு நாடுகளுக்கு விரிந்தது. ஹெலிகாப்டர்களும் சிறு விமானங்களும் வாரந்தோறும் ஆறுகளில் பூச்சிமருந்து தூவி ஈயின் புழுப்பருவத்தை அழித்தன.

பன்னாட்டு வளர்ச்சி நிதியைப் பற்றி ஆராய வேண்டிய முதன்மையான செய்தி இத்திட்டத்தின் கால அளவில் உள்ளது. வளர்ந்த புழு மனித உடலில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் வரை உயிர்வாழக்கூடியது. அன்று அதைக் கொல்லப் பாதுகாப்பான மருந்தும் இல்லை. எனவே, கடைசிப் புழு தானாக மடியும்வரை ஈயைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. ஐந்தாண்டில் முடிந்துபோகும் உதவி, செலவிட்ட பணத்தையும் வீணாக்கியிருக்கும். நன்கொடை நாடுகள் உலக வங்கியிடம் இருந்த பொது நிதியில் தம் பங்கைச் சேர்த்து, ஆறாண்டுக் கட்டங்களாக 2002 வரை தொடர்ந்து வழங்கின. 1980 வாக்கில் ஈக்கள் பூச்சிமருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றபோது, வேறு மருந்துகளை ஆராய்ந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும் அந்தத் தொடர்ச்சி இடம் தந்தது.

1987இல் மெர்க் நிறுவனம், ஐவர்மெக்டின் மருந்தைத் தேவைப்படும் காலம்வரை இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. இம்மருந்து நுண்புழுக்களை அழிக்கும். வளர்ந்த புழுவைக் கொல்லாது. ஆகவே ஆண்டுதோறும் தர வேண்டியதாயிற்று. மருத்துவர் எட்டாத ஊர்களில் அதைக் கொண்டுசேர்க்க, 1995இல் ஆப்பிரிக்காவின் பிற நாடுகளுக்காகத் தொடங்கிய திட்டம் ஊர்மக்களிடமே பொறுப்பை ஒப்படைத்தது. மருந்து வழங்குபவரை ஊரே தேர்ந்தெடுத்தது. வழங்கும் காலத்தையும் ஊரே முடிவுசெய்தது. எடைக்கருவி இல்லாத குறையைக் குறியிட்ட ஓர் அளவுகோல் தீர்த்தது: ஆளின் உயரத்தைப் பார்த்து மாத்திரைகளின் எண்ணிக்கை முடிவாயிற்று.

2002இல் மேற்கு ஆப்பிரிக்கத் திட்டம் நிறைவுற்றபோது ஏறக்குறைய 6 இலட்சம் பேரின் பார்வை காக்கப்பட்டதாகவும், 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் குடியேற்றத்துக்கும் உழவுக்கும் ஏற்றதானதாகவும் மதிப்பிடப்பட்டது. பாதுகாப்புப் பெற்ற ஒருவருக்கு ஆண்டுக்கு ஆன செலவு ஒரு டாலருக்கும் குறைவு. 2025 ஜனவரியில், இந்நோயின் பரவலை ஒழித்த முதல் ஆப்பிரிக்க நாடாக நைஜரை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இவ்வெற்றிக்கு எல்லைகளும் உண்டு. ஈ ஒழிந்த பள்ளத்தாக்குகளுக்குக் குடியேறிகள் விரைந்து வந்தனர். காடு அழிந்தது, மேய்ச்சல்காரர்களுக்கும் உழவர்களுக்கும் நிலத்தகராறு எழுந்தது. சியரா லியோனில் உள்நாட்டுப் போர் திட்டப் பணிகளைத் தடுத்தது. மருந்து வழங்கும் ஊர்த் தொண்டர்களுக்கு ஊதியம் யார் தருவது என்ற கேள்வியும் தொடர்கிறது.

ஆகவே வளர்ச்சி நிதியின் பயனை ஆய்பவர்கள் தொகையோடு மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: சிக்கல் தீரும் காலம்வரை நிதி நீடிக்கிறதா, எல்லை கடந்த சிக்கலுக்கு அண்டை நாடுகள் ஒன்றாகச் செயல்படுகின்றனவா, நிதி நின்றபின் பணியைத் தொடரும் ஆற்றலும் பொருளும் உள்ளூரில் இருக்கின்றனவா. மேற்கு ஆப்பிரிக்காவில் முதல் இரண்டும் நிறைவேறின. மூன்றாவது இன்னும் பாதியிலேயே நிற்கிறது; ஆய்வுக்கு உரிய பகுதியும் அதுவே.