சட்டையில் ஒரு சாட்சி
(சபையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் கமராவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் யோசிக்கலாம். நான் சொல்வது உடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிற சின்னக் கமராவை. லண்டனில் இருக்கிற நாம் அதைத் தினமும் காண்கிறோம். பொலிஸாரின் நெஞ்சில் இருக்கிறது. காரைப் பிழையான இடத்தில் நிறுத்தினால் தண்டம் எழுத வருகிறவரின் சட்டையில் இருக்கிறது. டெஸ்கோ, கோ-ஒப் போன்ற கடைகளில் வேலை செய்கிறவர்களும் அணிகிறார்கள். 2017-ல் இந்த நாட்டில் இரண்டு பாடசாலைகளில் ஆசிரியர்களுக்கே அதை மாட்டிப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளே, உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தப் பாடசாலையில் சேர ஆசை இல்லை என்று தெரிகிறது!

எதற்காக இது? "அவர் என்னைத் தள்ளினார்" என்கிறார் ஒருவர். "நான் தொடவே இல்லை" என்கிறார் மற்றவர். பார்த்தவர்கள் யாரும் இல்லை. அப்போது பதவியில் இருப்பவரின் சொல்தான் வெல்லும். அங்கே மூன்றாவதாக ஒரு சாட்சி இருக்கட்டும் என்ற எண்ணம்தான். 2006-ல் பிளைமவுத் நகரத்துப் பொலிஸார் கமராவைத் தலையில் கட்டிக்கொண்டு பரீட்சித்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 2016 ஒக்டோபரில், லண்டன் மாநகரப் பொலிஸார் 22,000 கமராக்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

பலன் கிடைத்ததா? அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ரியால்டோ என்று ஒரு சிறிய நகரம். 2012-ல் அங்கே ஒரு பரீட்சை தொடங்கியது. பொலிஸாரின் வேலை நேரங்களைச் சீட்டுப் போட்டதுபோலப் பிரித்து, சில நேரங்களில் கமராவோடும் சில நேரங்களில் கமரா இல்லாமலும் அனுப்பினார்கள். அந்த ஆண்டில் பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகள் முந்தைய ஆண்டைவிட 88 சதவீதம் குறைந்தன. உலகமெல்லாம் இதைப் பேசியது. ஆனால் 2017-ல் வாஷிங்டன் நகரத்தில் 2,000-க்கு மேற்பட்ட பொலிஸாரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வந்தது. கமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை!

ஒரே கருவி, இரண்டு ஊரில் இரண்டு விதம். கருவியை மட்டும் பார்த்தால் இது விளங்காது. அதன் பொத்தான் யார் கையில், பதிவு யார் பெட்டியில் என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பால்டிமோர் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். இந்தக் கமராக்களில் பல, பொத்தானை அழுத்துமுன்பும் சும்மா இருப்பதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும், பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும், அதற்கு முந்தைய 30 செக்கன்களையும் சேர்த்துப் பத்திரப்படுத்திவிடும். அந்த 30 செக்கன்களில் படம் மட்டும் இருக்கும், சத்தம் இருக்காது. 2017 ஜனவரியில் ஒரு பொலிஸ்காரர் குப்பை கிடந்த ஓர் இடத்தில் போதைக் குளிசைப் பொதி ஒன்றை வைத்தார். வீதிக்கு நடந்து வந்தார். கமராவை இயக்கினார். பிறகு திரும்பிப் போய்த் தேடுவதுபோலத் தேடி, "கண்டுபிடித்தார்". வைத்த காட்சியும் பதிவாகிவிட்டது அவருக்குத் தெரியாது.

இதில் கமராவை மெச்சுவதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். அந்தப் பதிவு மாதக்கணக்காகக் கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் மறியலில் இருந்தார். வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரச சட்டத்தரணிகளின் அலுவலகம் அதைப் போட்டு, ஆரம்பத்திலிருந்து பார்த்தது. அதனால்தான் உண்மை வெளிவந்தது. அவர் மேலிருந்த வழக்குக் கைவிடப்பட்டது. 2018-ல் அந்தப் பொலிஸ்காரர் சாட்சியத்தைப் பொய்யாக உருவாக்கிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். எதிர்த் தரப்பில் ஒருவர் உட்கார்ந்து பார்த்திராவிட்டால் அந்த 30 செக்கன்களும் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும்.

வேதாகமம் படித்த நமக்கு இது புதிதல்ல. நாபோத்துக்கு எதிராக இரண்டு சாட்சிகள் வந்து நின்றார்கள். எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் அந்தச் சாட்சிகளை ஏற்பாடு செய்யச் சொன்ன கடிதம் அரண்மனையிலிருந்து போனது.

சரி, நமக்கு இதில் என்ன? நம் இளைஞர்களைப் பொலிஸார் வீதியில் நிறுத்திச் சோதிப்பது உண்டு. வீட்டுக்கு வந்து சொன்னால் பெற்றோர், "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் பிள்ளையைத்தான் கேட்கிறோம். அதற்குப் பதிலாக மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, தோளில் இருந்த இலக்கம் என்ன? ஏனென்றால் உங்களைப் பதிவு செய்த வீடியோவின் பிரதியைக் கேட்கும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது. வழமையாகக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் சாட்சியமாகத் தேவை என்று குறிக்கப்படாத பதிவுகளை லண்டன் மாநகரப் பொலிஸ் 31 நாட்களில் அழித்துவிடும். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது. சோதனை நடந்ததற்கான எழுத்துப் பதிவை மட்டும் மூன்று மாதம் வரை கேட்கலாம்.

கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. இரவில் தனியாக நிற்கும் வேலையாளுக்குக் கமரா ஒரு தைரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை மாட்டிய நாளிலிருந்து மேலே சொன்ன சட்டம் உங்களையும் பிடிக்கும். பதிவு நடக்கிறது என்று அறிவிக்க வேண்டும். பதிவில் இருப்பவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வேலையாள் எத்தனை தரம் தேநீர் குடிக்கிறார் என்று எண்ணுவதற்கு அதைப் பயன்படுத்தினால், களவைப் பிடிக்க வந்த கமரா உங்களையே பிடிக்கும்.

பிள்ளைகளே, உங்கள் எல்லோர் பையிலும் ஒரு கமரா இருக்கிறது. 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரத்தில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் இறந்தபோது, பொலிஸின் முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவப் பிரச்சினைபோல எழுதியது. அங்கே நின்ற பொலிஸாரின் உடுப்பிலும் கமரா இருந்தது. அந்தப் பதிவைப் பொதுமக்கள் பரவலாகப் பார்க்க ஓகஸ்ட் ஆனது. சில மணி நேரத்திலேயே உலகம் பார்த்தது, கடைக்கு வந்த டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் தன் தொலைபேசியில் எடுத்ததை. நீதிமன்றத்தில் அவள் சாட்சியும் சொன்னாள். 2021-ல் புலிட்சர் குழு அவளுக்குச் சிறப்புக் கௌரவம் கொடுத்தது.

அவள் எடுத்தது, பலமுள்ளவர் பலமில்லாதவருக்குச் செய்ததை. பாடசாலைக் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை அழுவதை எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர், பலமுள்ளவர் பக்கத்தில் நின்று எடுக்கிறார். இரண்டும் ஒரே பொத்தான்தான். அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அம்மாவிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள். அண்ணன் தங்கை சண்டையில் "இரு, வீடியோ எடுக்கிறேன்" என்று மிரட்டுவதை இன்றோடு விடுங்கள்; அந்த வழக்கை விசாரிக்க அம்மாவுக்கு வீடியோ தேவையில்லை.

பெரியவர்களே, சிரிக்காதீர்கள். ஆராதனை முடிந்து கார் எடுக்கும் நேரத்தில் நம் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கமரா இருந்தால் நம் கதை என்னவாகும்?

பதிவின் பிரதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள். திகதி, நேரம், இடம், அணிந்திருந்த உடுப்பின் நிறம், இந்த நான்கையும் இப்போதே ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் கடிதம் பத்து நிமிட வேலை.