இளம் மேய்ப்பரும் மூப்பர் சபையும்



ஆதித் திருச்சபை ஓர் இளைஞரைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியபோது அவருக்கு என்ன உபதேசம் செய்தது என்ற விசாரணையை இக்கருத்தரங்கு மேற்கொண்டிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதப்பெற்ற முதலாம் நிருபத்தை எடுப்பவர்களில் பலர், வாலிபர்க்கு ஊக்கமூட்டும் நான்காம் அதிகாரத்து வசனம் ஒன்றைப் பிரசங்கித்துவிட்டு, ஐந்தாம் அதிகாரத்துக்குள் நுழையாமலே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நிருபத்தின் சாரம் அந்த ஐந்தாம் அதிகாரத்திலேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

யூதத் தாய்க்கும் கிரேக்கத் தந்தைக்கும் பிறந்து, லீஸ்திராவில் பவுலுக்குத் துணையாகச் சேர்ந்து, பின்னர் எபேசு பட்டணத்துச் சபையைக் கவனிக்க நிறுத்தப்பட்ட இளைஞர் தீமோத்தேயு, முதியவர் தவறினாலும் அவரைக் கடிந்துகொள்ளாமல் தந்தையிடம் பேசுவதுபோல் புத்தி சொல்ல வேண்டும். மூப்பர்மேல் வரும் பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கலாகாது. எவர்மீதும் அவசரமாகக் கைகளை வைக்கலாகாது. விதவைகளின் பட்டியலில் 60 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கலாகாது. இவை அதிகாரம் வழங்கும் வாக்கியங்களல்ல. அதிகாரம் பெற்றவனின் வேகத்தினின்று சபையைக் காக்கும் வேலிகள். இத்தனை கண்டிப்பான விதிகளுக்கு நடுவே, வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் அருந்தும்படி ஒரு வைத்திய யோசனையும் வந்து விழுகிறது! வியாக்கியானக்காரர்களைச் சங்கடப்படுத்தும் அவ்வரியை நான் மிகவும் நேசிக்கிறேன்.

இந்நிருபம் பவுலுடையதுதானா என்று 1807இல் இறையியலாளர் ஷ்லயர்மாகர் எழுப்பிய சந்தேகம் இன்னும் ஓயவில்லை; அதைத் தீர்க்க இம்மேடை போதாது.

ஆனால் இளைஞருக்கு இட்ட அவ்வேலிகளுக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. திராயான் சக்கரவர்த்தியின் காலத்தில், மரண தண்டனையை எதிர்நோக்கி ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோகியா மேற்றிராணியார் இக்னாத்தியுஸ், வழியில் சிமிர்னாவிலிருந்து மக்னேசியா சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அச்சபையின் கண்காணியான தாமாஸ் வயதிலே இளையவர். அவர் இளமையைச் சாதகமாக்கிக்கொண்டு அளவுமீறிப் பழகலாகாது என்று சபையாரையே இக்னாத்தியுஸ் எச்சரிக்கிறார். அவருக்கு விட்டுக்கொடுத்த மூப்பர்களைப் பாராட்டுகிறார். எபேசுவில் இளைஞன்மீது வைக்கப்பட்ட பாரம் இங்கே முதியோரின் தோள்களுக்கு மாறிவிடுகிறது. கொரிந்துவிலோ, குற்றமற்று ஊழியம் செய்த மூப்பர்கள் நீக்கப்பட்டு, அதைக் கண்டித்து ரோமாபுரிச் சபை எழுத நேர்ந்தது. கிளெமெந்துவின் பெயரால் வழங்கும் அந்நிருபத்தை முதல் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்ததெனப் பலர் கொள்வர்.

ஆகவே கட்டுரையாளர்களை நான் வேண்டிக்கொள்வது இது: எழுதியவர் யார், காலம் எது என்னும் ஆராய்ச்சி அவசியமே, எனினும் அவ்வளவில் நின்றுவிடாமல், இம்மூன்று நிருபங்களையும் அருகருகே வைத்து, இளையவர்க்கும் மூத்தவர்க்கும் அவை விதித்த கடமைகளை ஒருசேர ஆராய்ந்து கூறுங்கள். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.