கழுத்தும் கத்தியும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே முகச்சவரம் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் உங்களிற் சிலர் புன்னகைக்கக்கூடும். சிலருடைய கை வானொலியை நிறுத்தவும் எழக்கூடும். சற்றுப் பொறுத்தருளுங்கள். தமிழாசிரியன் ஒருவனை இந்தப் பொருளுக்கு இழுத்து வந்தவன் அவனுடைய மாணவன் ஒருவனே.

உயர்தர வகுப்பிலே கற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை. முகத்திலே அங்குமிங்குமாக முடி அரும்பி நின்றது. பாடசாலை ஒழுங்கை நினைவூட்டி, "நாளைக்கு வழிச்சுப்போட்டு வகுப்புக்கு வா" என்று கண்டித்து அனுப்பினேன். மறுநாள் கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியபடி வந்தான். அவிழ்க்கச் சொன்னேன். தாடைக்குக் கீழே, குரல்வளை மேட்டின் இருபுறமும், தோல் செக்கச் சிவந்திருந்தது. சிறுசிறு பருக்கள் எழும்பியிருந்தன. சட்டைக் கொலர் உராய்ந்த இடத்திலே நீர் கசிந்திருந்தது.

"ஆர் உனக்கு வழிக்கக் காட்டித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, சேர். அப்பா கட்டாரில. கோல் எடுக்கேக்க கேக்க வெக்கமாக் கிடந்தது. அவற்றை றேசர் அலுமாரிக்குள்ள இருந்தது. எடுத்து வழிச்சன்."

வழித்துக்கொண்டு வா என்று கட்டளையிட்டவன் நான். எப்படி வழிப்பது என்று ஒரு சொல்லும் சொல்லாதவனும் நான்தான். அன்று மாலை முழுவதும் அந்த எண்ணம் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நம்முடைய மொழியிலே இந்தச் செயலுக்குச் சொற்கள் குறைவில்லை. மழித்தல், சிரைத்தல், வழித்தல், சவரம் எனப் பல உண்டு. மழித்தல் திருக்குறளிலேயே இடம்பெற்ற சொல். கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 280ஆம் குறளிலே, உலகம் பழிப்பதை விட்டவனுக்குத் தலையை மழிப்பதும் சடையை வளர்ப்பதும் வேண்டியதில்லை என்கிறார் வள்ளுவர். அங்கே அது துறவு வேடத்தைக் குறித்தது. சவரம், க்ஷௌரம் என்ற வடசொல்லின் வழி வந்தது. சிரைத்தல் என்ற நல்ல வினைச்சொல்லையோ நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். ஒரு தொழிலாளியின் கைத்திறனை இழிவாக எண்ணிய சமூகம், அத்தொழிலைக் குறித்த சொல்லையும் இழிவாக்கியது. எஞ்சியது 'சேவ் எடுத்தல்'. சொல்லையே கூச்சத்தோடு உச்சரிக்கும் தந்தையும் மகனும், செயலைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்வார்கள்?

பிற நாட்டார் இதனைப் பேசத்தக்க, எழுதத்தக்க பொருளாகவே கருதினர். பாரிஸ் நகரிலே கத்தி செய்யும் தொழிலில் வல்லவராயிருந்த ழான் ஜாக் பெரே என்பவர், தாமே சவரம் செய்யக் கற்கும் கலையைப் பற்றி 1769இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். நாம் இன்று சேப்டி றேசர் என்று சொல்லும் கருவி, மெல்லிய பிளேட்டை இடையிலே செருகிப் பயன்படுத்தும் வடிவில் பரவியது அமெரிக்கரான கிங் ஜில்லெற்றின் முயற்சியால். அவருக்குத் துணை நின்ற பொறியியலாளர் வில்லியம் நிக்கர்சன், மெல்லிய உருக்குத் தகட்டைக் கூராக்கும் வழியைக் கண்டார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டிலே விற்றவை 51 றேசர்களும் 168 பிளேட்டுகளும் மட்டுமே. 1904இல் ஜில்லெற்றுக்குக் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப் போரிலே அமெரிக்கப் படைவீரரின் பைகளில் ஏறி, அக்கருவி உலகெங்கும் பழக்கமாயிற்று.

'சேப்டி' என்றால் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆழமான வெட்டுக்கு எதிரானது மாத்திரமே. எரிவிலிருந்தும் பருவிலிருந்தும் அது நம்மைக் காப்பதில்லை. அதற்கான காவல் கையில்தான் இருக்கிறது. இதனை நான் அறிந்துகொண்டதும் கழுத்திலே புண்பட்ட பிறகுதான்.

என் தந்தையார் 1993இல் நோயுற்றுக் காலமானார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அம்மா கையிலெடுத்த பையிலே காணி உறுதிகள், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சிறிய தகரப் பேணி ஆகியன இருந்தன. அந்தப் பேணிக்குள்ளே அப்பாவின் றேசர் இருந்ததை நான் பின்னரே அறிந்தேன். மறு ஆண்டு ஊர் திரும்பியபின், எனக்குப் பதினேழு வயதிலே, அம்மா அதை எடுத்து என் கையில் தந்தார். "அப்பாவின்ர. கவனமாப் பாவி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அதற்குமேல் தெரியாது.

கண்ணாடிக்கு முன் நின்றேன். அப்பா வழிப்பதைச் சிறுவயதிலே பார்த்திருந்தேன். அவர் முகவாயை மேலே தூக்குவதும் கத்தி கழுத்திலே மேல்நோக்கி வருவதும் நினைவிலிருந்தன. அவ்வாறே செய்தேன். சவர்க்காரம் அருமையாகக் கிடைத்த காலமாகையால் நுரையும் போதவில்லை. முடி எஞ்சிய இடங்களிலே அழுத்தி அழுத்தி இழுத்தேன். அடுத்த நாள் கழுத்து நெருப்பாக எரிந்தது. அப்பாவின் பொருள் எனக்குப் பொருந்தவில்லையோ என்று அழுகை வந்தது.

சில நாட்களின் பின், முடி வெட்டுவதற்காகச் சந்தியிலிருந்த சலூனுக்குப் போனேன். அங்கே வேலை செய்த பெரியவர் துணியைப் போர்த்துவதற்கு முன்னமே கண்டுகொண்டார்.

"தம்பி, உந்தக் கழுத்தை ஆர் சுரண்டினது?"

"நான்தான் அண்ணை."

"அமத்தி இழுத்தனீரோ?"

"ஓம்."

"மேல்நோக்கியோ?"

"ஓம். அப்பா அப்பிடித்தான் செய்யிறவர்."

"அப்பா இருவது வரியமாய் வழிச்ச மனிசன். அவற்றை கழுத்து அவருக்குப் பாடம். உம்மட கழுத்தை நீர் இன்னும் படிக்கேல்லையே! புல்லு எந்தப் பக்கம் சாயுது எண்டு பாக்காமல் ஆரும் அரிவாள் போடுவினமோ?"

பின்னர் என் விரல்களைப் பிடித்து என் கழுத்திலேயே தடவச் செய்தார். இடப்பக்கத்திலே விரல் வழுக்கிய திசையில் வலப்பக்கத்திலே முள்ளாகக் குத்தியது. கீழ்க்கழுத்திலே முடி மேல்நோக்கியும், தாடையின் மூலையிலே பக்கவாட்டாகவும் கிடந்தது. ஒரே கழுத்திலே மூன்று திசைகள்! எந்த நூலிலும் நான் கற்றிராத பாடத்தை அந்தப் பெரியவர் ஐந்து நிமிடத்திலே கற்பித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவர் சொன்னதற்குக் காரணமும் உண்டு. கன்னத்து முடி பெரும்பாலும் கீழ்நோக்கியே வளரும். கழுத்து முடிக்கு அந்த ஒழுங்கு இல்லை. கழுத்துத் தோலோ மெல்லியது, தளர்ந்தது, மேடுபள்ளமானது. முடியின் திசைக்கு எதிராக அழுத்தி வழித்தால், முடி தோல் மட்டத்திற்கும் கீழே அறுபட்டு உள்ளே பதுங்கும். மீண்டும் வளரும்போது, சுருண்ட முடியாயின், அதன் கூர்நுனி வெளியே வராமல் தோலையே துளைக்கும். உடம்பு அதனை அந்நியப் பொருளாகக் கருதி வீங்கும். அதுவே பருவாகத் தோன்றுகிறது. எரிவுக்குக் காரணம் வேறு. ஒரே இடத்திலே திரும்பத் திரும்ப இழுப்பதால் தோலின் மேற்படை உராய்ந்துபோகிறது.

என் மாணவனுக்கு அடுத்த நாள் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலிலே, புண் ஆறும்வரை கத்தியைத் தொடவேண்டாம் என்றேன். இரண்டு வாரத்துக்கு அவனுடைய முள்ளுத்தாடிக்கு நானே பொறுப்பேற்றேன். அந்த நாட்களிலே அவனுக்கு ஒரே வேலை: விரலாலே தடவி, முடி எத்திசை சாய்கிறது என்று கண்டு, கழுத்தை ஒரு தாளிலே வரைந்து, அம்புக்குறி இட்டு வருவது.

அடுத்தது நீர். காய்ந்த முடி கடினமானது. இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரிலே ஊறினால் இளகும். ஆகவே குளித்த உடனே வழிப்பது நன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. கேத்தலின் அடியிலே வெள்ளையாகப் படிவதும் அந்தச் சுண்ணாம்புதான். அந்த நீரிலே சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. கொதிக்க வைத்துத் தெளியவிட்ட நீரிலோ, மழை நீரிலோ நுரையெழுப்பிப் பாருங்கள், வேறுபாடு தெரியும். நுரையைப் பிறஷினாலே வட்டமாகத் தேய்த்து, முடியின் அடிவரை சேர்க்கவேண்டும்.

மூன்றாவது, கையின் பாரம். பிளாஸ்ரிக் றேசரிலே தலை தானாகத் திரும்பிக் கொடுக்கும். சேப்டி றேசரின் தலை அசையாது. கோணத்தை நாமே பிடிக்கவேண்டும். றேசரின் மேல்மூடியைக் கன்னத்திலே படிய வைத்து, கைபிடியை மெல்ல மெல்லத் தாழ்த்துங்கள். பிளேட் முடியைத் தொடும் இடத்திலே நிறுத்துங்கள். ஏறக்குறைய 30 பாகைக் கோணம் அது. அழுத்தவே கூடாது. றேசரின் சொந்தப் பாரமே போதும். கைபிடியை அதன் நுனியிலே பிடித்தால் அழுத்தும் ஆசை தானாகவே குறையும்.

நான்காவது, திசை. அம்புக்குறி காட்டிய வழியே, ஓர் அங்குலத்துக்கு மேற்படாத சிறு இழுவைகளாக வழிக்கவேண்டும். ஒவ்வொரு சில இழுவைக்கும் ஒருமுறை பிளேட்டை நீரிலே அலசவேண்டும். முகவாயைச் சற்று உயர்த்தினாற் போதும். கழுத்துத் தோலை வலிந்து இழுத்துப் பிடித்தால், விட்டவுடன் முடி உள்ளே பதுங்கிவிடும். நுரை போன இடத்திலே வெறுந்தோலில் கத்தி படலாகாது. இன்னும் வழுவழுப்பு வேண்டுமாயின், மீண்டும் நுரை பூசிக் குறுக்காக ஒருமுறை வழிக்கலாம். பழகும் காலத்திலே எதிர்த்திசையை முற்றாக மறந்துவிடுங்கள். சற்றுச் சொரசொரப்பு எஞ்சுவதால் ஒருவரும் குறைந்துபோவதில்லை.

இறுதியாக, குளிர்ந்த நீரிலே கழுவித் துவாயினாலே ஒற்றவேண்டும், தேய்க்கக்கூடாது. சலூன்களிலே காணும் படிகாரக் கட்டியை, ஈரக் கழுத்திலே மெல்லத் தடவிச் சற்றுப் பொறுத்துக் கழுவிவிடலாம். மதுசாரம் கலந்த வாசனைத் திரவங்கள் புண்பட்ட தோலை மேலும் எரிக்கும். ஐந்தாறு முறை வழித்ததும், அதற்கு முன்பே இழுபட்டால் அப்போதே, பிளேட்டை மாற்றுங்கள். தந்தையின் றேசரைப் பாவிக்கலாம். அவருடைய பிளேட்டைப் பாவிக்கலாகாது. ஈரலைத் தாக்கும் பீ, சீ வகை வைரசுகள் இரத்தத்தின் வழியே பிளேட்டிலும் தொற்றக்கூடியவை. இத்தனை கவனத்தின் பின்னும் பரு சீழ் வைத்தாலோ, மாறாது நின்றாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும். மிகச் சுருண்ட முடியுடைய சிலருக்கு, ஒட்ட வழிக்காது கட்டையாக விடுவதே நன்மை. அத்தகைய பிள்ளைகளைப் பாடசாலைகளும் புரிந்துகொள்ளவேண்டும்.

நேயர்களே, இரண்டு வாரம் கழித்து என் மாணவன் கைக்குட்டை இல்லாமல் வகுப்புக்கு வந்தான். கழுத்து தெளிந்திருந்தது. தாடையின் மூலையிலே மட்டும் இரண்டு மூன்று முடி எஞ்சியிருந்தன.

"அதிலை எந்தப் பக்கம் சாயுது எண்டு இன்னும் பிடிபடேல்லை, சேர். அதாலை விட்டிட்டன்" என்றான்.

பிடிபடாததை விட்டுவைத்த அந்தப் பொறுமையே எனக்கு நிறைவளித்தது. பிறகு தலையைக் குனிந்தபடி இன்னொன்றும் சொன்னான். தான் வரைந்த படத்தைத் தகப்பனுக்குக் கைத்தொலைபேசியிலே அனுப்பினானாம். அன்றிரவு தகப்பன் கோல் எடுத்து, அரை மணி நேரம் தன் கழுத்தைக் காட்டிக் காட்டிக் கதைத்தாராம். "அப்பாவுக்கும் முதல் முறை வெட்டினதாம், சேர்" என்று சொல்லிச் சிரித்தான்.

உங்கள் வீட்டிலும் மீசை அரும்பிய ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவன் கேட்கமாட்டான். நீங்களே அவனைக் கண்ணாடிக்கு முன் அழைத்துச் செல்லுங்கள். தகப்பன் இல்லாத வீட்டிலே மாமனோ, அண்ணனோ, ஆசிரியனோ அழைத்துச் செல்லட்டும். விரலாலே ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அவன் கழுத்தே அவனுக்குச் சொல்லும்.