டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தில் வேறொரு கம்பெனி



"விமானிக்கு என்னய்யா குறைச்சல்?" என்று கேட்டுவிட்டுத்தான் சேலத்து வாசகர் வட்டத் தலைவர் என்னை மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார். நியாயமான கேள்விதான். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, லட்சத்தில் சம்பளம்: நம் மனசில் இருக்கிற விமானி அவர்தான். நான் பேச வந்திருப்பது இன்னொருவரைப் பற்றி. ஐம்பது, எழுபது இருக்கை கொண்ட சின்ன விமானத்தில் சின்ன ஊர்களுக்குப் பறக்கிறவர். அந்த விமானம் உங்களுக்குப் பழக்கம்தான். 2018-ல் சென்னையிலிருந்து நம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வந்து இறங்கியது. சில ஆண்டுகளில் நின்றுபோனது. விமானம் நின்றுவிட்டதே என்று ஊரே பேசியது. ஓட்டியவர் என்ன ஆனார் என்று யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து. 2009 பிப்ரவரி 12, இரவு. நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்கு ஒரு விமானம். டிக்கெட்டில் காண்டினென்டல் என்ற பெரிய பெயர். விமானத்தின் உடம்பிலும் அதே பெயர், அதே வண்ணம். ஓட்டியவர்களோ கோல்கன் ஏர் என்ற சிறு கம்பெனியின் ஊழியர்கள். இறங்கப் போகிற நேரத்தில் வேகம் குறைந்து, கட்டுப்பாடு இழந்து, ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் போனார்கள். வீட்டுக்குள் இருந்த ஒருவரும் போனார்.

மறைக்காமல் சொல்கிறேன்: தவறு கேப்டனுடையது என்றுதான் விசாரணை முடிந்தது. எச்சரிக்கை வந்ததும் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டும், அவர் தூக்கினார். ஆனால் விசாரணை அத்தோடு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு வயது 24. வேலை நெவார்க்கில், குடியிருப்பு நாட்டின் மறுகோடியில், சியாட்டில் பக்கம், பெற்றோர் வீட்டில். முந்தைய இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு, நடுவில் விமானம் மாறி, வேலைக்கு வந்திருக்கிறார். போதாக்குறைக்கு ஜலதோஷம். ஆண்டுச் சம்பளம் 25,000 டாலரைத் தொடவில்லை. நியூயார்க்குக்குப் பக்கத்தில் அந்தக் காசுக்கு வாடகைக்கு அறை எடுத்துப் பாருங்கள்! கேப்டனும் புளோரிடாவிலிருந்து வந்து போகிறவர். அவர் முந்தைய இரவைக் கழித்தது விமான நிலையத்து ஊழியர் அறையில். களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்று எழுதினார்கள் அதிகாரிகள்.

ஏன் இந்தச் சம்பளம்? கல்யாண வீட்டில் பந்தியைக் குத்தகைக்கு எடுத்தவர் பெயர் பலகையில் பெரிதாக இருக்கும். சமையலை அவர் உள்குத்தகைக்கு விட்டிருப்பார். அந்த ஏற்பாடுதான் இது. பெரிய கம்பெனி டிக்கெட் விற்கும், விலை வைக்கும், எரிபொருளுக்கும் பெரும்பாலும் அதுவே பணம் கொடுக்கும். சின்ன கம்பெனிக்கு ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒப்பந்தம் முடிந்தால் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குப் போகும். எதில் குறைப்பது? விமானத்தின் விலையைக் குறைக்க முடியுமா? உதிரிப் பாகத்தின் விலையை? கை வைக்க மிச்சமிருப்பது ஆள் கூலி ஒன்றுதான். அந்தக் காலத்தில் அமெரிக்க உள்நாட்டு விமானப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கூலியைக் கணக்கிடும் முறையையும் கேளுங்கள். விமானம் நகரத் தொடங்கிய நேரத்திலிருந்து போய் நிற்கிற நேரம் வரைக்கும்தான் மணிக்கணக்கு. பனியில் நான்கு மணி நேரம் காத்துக் கிடந்தால்? பெரும்பாலும் அது அவர் பாடு.

"அப்படியென்றால் வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே?" இங்கேதான் விஷயமே இருக்கிறது. விமானியின் சொத்து அவர் உரிமமல்ல, பணிமூப்பு வரிசையில் அவர் நிற்கிற இடம். எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் விடுப்பு, எப்போது கேப்டன், எல்லாம் அந்த இடத்தைப் பொறுத்தது. கம்பெனி மாறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், இருபது வருடம் பறந்தவராக இருந்தாலும். சின்சினாட்டியில் காமேர் என்றொரு கம்பெனி, டெல்டாவுக்குச் சொந்தம். அதன் விமானிகள் 2001-ல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் வாங்கினார்கள். 2012-ல் டெல்டா அந்தக் கம்பெனியையே மூடியது. வரிசையும் போயிற்று.

இதில் பெரிய கம்பெனி விமானிகளின் சங்கங்களும் சுத்தமில்லை என்பது என் அபிப்பிராயம். சின்ன கம்பெனிக்கு 76 இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தைக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கித் தங்களைக் காத்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே கூலி எப்படிப் போகிறது என்பது பல காலம் அவர்கள் கவலையாக இருக்கவில்லை. போதாததற்கு 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனது. மேலே இருப்பவர் நகரவில்லை. கீழே இருப்பவருக்கு ஐந்து வருடம் அப்படியே உறைந்தது.

பஃபலோவில் உறவுகளை இழந்த குடும்பங்கள் விடவில்லை. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 2010-ல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். ஓய்வு விதிகள் மாறின. விமானத்தை நிஜமாக இயக்குவது யார் என்று டிக்கெட் விற்கும்போதே காட்ட வேண்டும். சம்பளம்? அதைச் சட்டம் தொடவில்லை. கொரோனாவில் மூத்தவர்களை ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஆளில்லாமல் தவித்தபோதுதான் அது ஏறியது. 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணைக் கம்பெனிகள் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்றன. அதே ஆண்டு ஸ்கைவெஸ்ட், ஓட்ட ஆளில்லை, 29 ஊர்களை விட்டுவிடுகிறோம் என்று அரசுக்கு எழுதியது. ஐம்பது உயிர் போனபோது ஏறாத கூலி, ஆள் கிடைக்காதபோது ஏறியது. 2024-ல் பெரிய கம்பெனிகளுக்குப் புது விமானங்கள் வருவது தாமதமானது, ஆளெடுப்பு சுருங்கியது, மறுபடியும் இளையவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தாகி நீங்களும் விமான நிலையத்தில் படுத்திருப்பீர்கள். அதற்கு முன் புது ஓய்வு விதி வந்திருந்தது: விமானிக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. விதி திடீரென்று முளைத்ததல்ல, வரும் என்று முன்பே தெரிந்ததுதான். கம்பெனிதான் வேண்டிய ஆளைக் கணக்குப் போட்டு வைக்கவில்லை. கடைசியில் அரசு விதியைத்தான் தளர்த்தியது.

மகனையோ மகளையோ விமானியாக்க நினைத்து வந்திருக்கும் பெற்றோர்களே! பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாய்க்கு மேல் கேட்பார்கள். நிலத்தை விற்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். வேலை யார் கொடுப்பார்? பாண்ட் எத்தனை வருடம், முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? கேப்டன் ஆக உண்மையில் எத்தனை ஆண்டு ஆகிறது? கம்பெனி மூடினால் பிள்ளை எந்த வரிசையில் போய் நிற்கும்? 2017 முதல் இங்கே கேப்டன் வேலையை விட ஒரு வருடம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். துணை விமானி ஆறு மாதம். கம்பெனி மூடும்போது அவர்களுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் பயிற்சிப் பள்ளிக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.