ஒரு போர்வை, இருவர்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நாட்டு வழக்கு. அவையில் ஒருவர்க்குக் கிடைக்கும் மதிப்பிற் பாதி அவர் உடுத்த உடைக்கே உரியது என்று உலகம் எண்ணுகிறது. யூத மக்களின் பழம்பெரு நூலாகிய தல்மூத், ஓர் ஆடையைப் பற்றிக் கூறும் செய்தி இவ்வெண்ணத்தை மறுபடியும் ஆராயச் செய்கிறது. அவ்வாடை பட்டாடை அன்று. ஆட்டுமயிரால் ஆகிய ஒரு போர்வை. அதனைப் போர்த்தியவர் ரபி யூதா பார் இலாயி என்னும் பேராசான்.

'ரபி' என்பது யூதர் தம் சமய ஆசிரியரை அழைக்கும் மதிப்புப் பெயர். இப்பெரியார் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கலிலேயா நாட்டு உஷா என்னும் ஊரில் விளங்கியவர். அவர் காலம் யூதர்க்குப் பெருந்துன்பக் காலம். உரோமப் பேரரசை எதிர்த்துப் பார் கொக்பா என்பவர் தலைமையில் கி.பி. 132 முதல் 135 வரை நடந்த போர் தோல்வியில் முடிந்தது; யூதேயா நாடு பாழாயிற்று. யூதாவின் ஆசிரியராகிய ரபி அகீவா உரோமரால் கொல்லப்பட்டார். எஞ்சிய மாணவர் வடக்கே கலிலேயாவிற் கூடி, அறுந்துபோன கல்வி மரபை மீண்டும் தொடர்ந்தனர். அவருள் ஒருவரே யூதா. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் அவர் கருத்து அறுநூறு முறைக்கு மேல் எடுத்தாளப்படுகிறது. தந்தை பெயரின்றி 'ரபி யூதா' என்று மட்டும் அத்தொகுப்பில் வருமாயின் அஃது இவரையே குறிக்கும். அத்துணைப் புகழுடையவர் வறுமையில் வாழ்ந்தார்.

அவர் போர்வையின் சிறப்பை உணர, யூதரின் வழிபாட்டு ஆடையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அவ்வாடைக்குத் 'தல்லித்' என்று பெயர். ஆடையின் ஓரங்களில் தொங்கல்கள் அமைத்து, அவற்றில் நீல இழை சேர்த்து, அவற்றைக் காணுந்தோறும் இறைவன் கட்டளைகளை நினைவுகூர்தல் வேண்டும் என்று எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் விதிக்கிறது. போர்த்தும் ஆடையின் நான்கு மூலைகளிலும் அவை அமைதல் வேண்டும் என்பது உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் விதி. ஒவ்வொரு மூலையிலும் உள்ள துளையில் நான்கு இழைகளைக் கோத்து மடிக்க, அவை எட்டாகத் தொங்கும்; அவற்றில் ஐந்து முடிச்சுகள் இடுவர். நீலச் சாயம் கடல்நத்தையிலிருந்து எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அச்சாயமிடும் கலை மறைந்தமையால் பெரும்பாலோர் வெண்ணிற இழைகளையே வழங்கலாயினர்.

இன்று தல்லித் என்பது வழிபாட்டிற்கென ஒதுக்கப்பட்ட ஆடை. பண்டைக்காலத்தில் அவ்வாறன்று. வெளியே செல்வோர் மேலே போர்த்தும் நாற்கோணப் போர்வையே தல்லித் எனப்பட்டது. சந்தைக்குச் செல்லவும், குளிர்தாங்கவும், இறைவன் முன் நிற்கவும் உதவியது ஒரே துணி. உலக வாழ்வுக்கு ஓர் உடையும் வழிபாட்டுக்கு ஓர் உடையும் என்ற பிரிவு அன்று வேரூன்றவில்லை.

இனிச் செய்திக்கு வருவோம். உறுதிமொழிகளை ஆராயும் 'நெதாரிம்' என்னும் தல்மூத் பகுதியில் அது காணப்படுகிறது. யூதாவின் மனைவி சந்தைக்குச் சென்று ஆட்டுமயிர் வாங்கி வந்தார். தம் கையால் ஒரு போர்வை செய்தார். சந்தைக்குச் செல்லும்போது அவர் அதனைப் போர்த்திச் செல்வார். வழிபடச் செல்லும்போது கணவர் அதனைப் போர்த்திச் செல்வார். போர்த்துந்தோறும், தம்மை மேலாடையாற் போர்த்த இறைவனை யூதா வாழ்த்துவார். இருவர்க்கும் அஃது ஒன்றே. சந்தையின் தூசி படிந்த அத்துணியே வழிபாட்டிற்கும் உரியதாயிற்று. அதனை அவர் குறையாகக் கருதவில்லை. வாழ்த்துதற்குரிய பேறாகக் கருதினார்.

ஒருமுறை, யூதர் தலைவராகிய ரபான் சிமியோன் பென் கமாலியேல் பொதுநோன்பு ஒன்றை அறிவித்தார். மக்கள் கூடினர், யூதா வரவில்லை. அவர்க்குப் போர்த்த ஆடையில்லை என்று அங்கிருந்தோர் கூறினர். அதுகேட்ட தலைவர் ஒரு போர்வையை ஆள்வழி அனுப்பினார். யூதா அதனை ஏற்கவில்லை. தாம் அமர்ந்திருந்த பாயைத் தூக்கி, அடியில் உள்ளதைப் பாரும் என்று வந்தவர்க்குக் காட்டினார். ஆயினும் இவ்வுலகிற் பயன்துய்க்கத் தமக்கு விருப்பமில்லை என்றார். பாயின்கீழ் வியத்தகு வகையிற் பொற்காசுகள் நிறைந்திருந்தன என்பது உரையாசிரியர் விளக்கம்.

இங்கு எண்ணத்தக்க பொருள் ஒன்றுண்டு. பொதுநோன்பிற்கு ஊரே கூடும்போது பேராசான் ஒருவர் வாராதிருப்பது சிறிய செய்தி அன்று. தலைவர் அனுப்பிய போர்வையை ஏற்றிருந்தால் கடமையும் நிறைவேறியிருக்கும், மதிப்பும் காக்கப்பட்டிருக்கும். ஏலாமையைச் செருக்கென்று சிலர் பழித்திருக்கவும் கூடும். ஆயினும் இரண்டாவது போர்வை ஒன்று அவ்வில்லத்துட் புகுந்தால், முதற்போர்வையின் நிறைவு அங்குக் குறையத் தொடங்கும். 'இது போதும்' என்று வாழ்ந்தவர் 'இன்னும் ஒன்று' என்னும் முதற்படியில் கால்வைக்க விரும்பவில்லை. மனைவியிடமிருந்து போர்வையைத் திரும்ப வாங்கிவர ஆளனுப்பினார் என்றும் நூல் கூறவில்லை. செய்தவர்க்கும் அதில் உரிமையுண்டு.

ஏழ்மையை மறைக்கும் நாணம் அவரிடம் இருந்ததில்லை. கல்விக்கழகத்திற்குச் செல்லும்போது மட்குடம் ஒன்றைத் தோளிற் சுமந்து சென்று, அதன்மேல் அமர்வார். உழைப்பு தன்னை உடையவரைப் பெருமைப்படுத்தும் என்பார். இதுவும் அதே பகுதியிற் காணப்படும் செய்தி.

அவர் வழி மாணவர்க்கும் பரவியது. அத்தலைமுறையில் ஆறு மாணவர் ஒரே போர்வையின்கீழ் அமர்ந்து மறைநூல் கற்றனர் என்று 'சன்ஹெத்ரின்' என்னும் தல்மூத் பகுதி கூறும். நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் நற்குணமுடைய மனைவியைப் புகழ்வது. அதில் வரும் ஓர் அடியை விளக்கும் ஆசிரியர்கள், இறைவனுக்கு அஞ்சி நடப்போரைப் பற்றிய புகழுரையை யூதாவின் தலைமுறைக்கே உரியதாக்கினர். மோசேயின் தலைமுறையையும் எசேக்கியா அரசனின் தலைமுறையையும் விட அதனை உயர்த்திப் பேசினர். ஆட்டுமயிரும் சணலும் தேடித் தன் கையால் வேலைசெய்பவள் என்று அந்த அதிகாரமே அம்மனைவியைப் பாராட்டுகிறது. யூதாவின் மனைவி பெயரைத் தல்மூத் பதியவில்லை. அவர் செய்த போர்வையைப் பதிந்தது.

இத்தகைய பெரியவரின் போர்வை புனிதப் பொருள் ஆகாதோ என்று கேட்கலாம். யூதச் சட்டம் இங்கு நுட்பமான வேறுபாடு காட்டுகிறது. மறைநூற் சுருளின் உறை போன்றவை புனிதத்திற்குத் துணையானவை. பழுதுற்றாலும் அவற்றை எறியாது பேணிவைத்தல் வேண்டும். தொங்கலோ கட்டளையை நிறைவேற்ற உதவும் கருவி. அதன் பணி முடிந்தபின் அதற்குத் தனிப் புனிதம் இல்லை. இவ்வேறுபாட்டை 'மெகில்லா' என்னும் பகுதி கூறுகிறது. யூத ஆடவர் இறந்தால் தம் தல்லித்திலேயே போர்த்தி அடக்கம் செய்வதும், அதன் தொங்கல் ஒன்றை அறுத்துவிடுவதும் பலரிடம் உள்ள வழக்கம். இறந்தவர்க்குக் கட்டளை இல்லை; எனவே கட்டளையின் அடையாளமும் முழுமையாக வேண்டுவதில்லை.

பெரியோர் உடுத்திய ஆடையை அன்போடு பேணுவோர் எந்நாட்டிலும் உளர். அவ்வன்பு பழிக்கத்தக்கதன்று. ஆயினும் யூதாவின் போர்வை இன்று எந்தப் பேழையிலும் இல்லை. ஒரு பெண் தன் கையாற் செய்தாள், இருவர் அதனைப் பகிர்ந்தனர், ஒருவர் அதற்காக வாழ்த்துக் கூறினார், வேறொன்று வந்தபோது வேண்டா என்றார் என்பவை மட்டுமே எஞ்சின. ஐரோப்பிய யூதர் பலரிடம் இன்றும் மணமகள் மணமகனுக்குத் தல்லித் வழங்கும் வழக்கம் உண்டு. அதனைப் பெறும் மணமகன் நாடோறும் அதற்குள் நின்று வழிபடுவான். ஒன்றே போதும் என்று இருவரும் மனமொத்து வாழும் இல்லத்தில், ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த அப்பழைய போர்வை இன்னும் கிழியாதிருக்கிறது.