புலி எங்கே போனது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் புலிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் நாட்டுச் சின்னத்தைப் பாருங்கள். இரு பக்கமும் இரண்டு புலிகள் நிற்கின்றன. சின்னத்தில் நிற்கும் புலி காட்டிலும் நிற்க வேண்டாமா?

நம் பாட்டன்மார் காடு வெட்டி ரப்பர் நட்டவர்கள். இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போனவர்களுக்குப் புலிப்பயம் உண்மையான பயம். புலியைச் சுட்டவனை வீரன் என்றார்கள். துரைமார்களுக்கோ வேட்டை ஒரு விளையாட்டு. யானையையும் சுட்டார்கள், செலாடாங்கையும் சுட்டார்கள். தீபகற்பத்தின் கடைசி ஜாவா காண்டாமிருகம் 1932-இல் பேராக்கில் சுடப்பட்டது. அத்தோடு அந்த இனம் இங்கே முடிந்தது.

வேட்டைக்காரர்களிலும் ஒருவர் கண் விழித்தார். தியோடர் ஹப்பேக் என்ற தோட்டத்துரை, யானை வேட்டையைப் பற்றி 1905-இல் புத்தகமே எழுதியவர். விலங்குகள் குறைவதைப் பார்த்து, பிறகு அவற்றைக் காக்கப் போராடினார். அதன் பலனாக 1938-39-இல் அமைந்த பூங்காதான் இன்றைய தாமான் நெகாரா.

நம் அப்பாமார் காலத்தில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆனால் கணக்கைக் கேளுங்கள். 1950-களில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவு! நாட்டின் கடைசி சுமத்ரா காண்டாமிருகமும் 2019-இல் சபாவில் இறந்தது.

சட்டம் இருந்தும் ஏன் இப்படி? காடு சுருங்கியது ஒரு காரணம். இன்னொன்று கம்பிக் கண்ணி. துப்பாக்கிக்காரன் பார்த்துச் சுடுவான். கண்ணிக்குப் பெயரில்தான் கண் இருக்கிறது, அதுக்குப் பார்க்கத் தெரியாது. பன்றிக்கு வைத்தால் மானும் மாட்டும், புலியும் மாட்டும். காலில் கம்பி இறுகி, புண் அழுகி, நாள் கணக்கில் துடித்துச் சாகும். மானும் பன்றியும் போய்விட்டால் புலி எதைத் தின்னும்? பசியோடு நம் லயத்துப் பக்கம்தானே வரும்?

பெற்றோர்களே, பன்றித் தொல்லை எனக்கும் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிடும். செம்பனைக் கன்றையும் விடாது. வயிற்றெரிச்சல்தான். அதுக்காகக் கண்ணி வைக்காதீங்க. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். நாலு பேர் சேர்ந்து வேலி போடுங்கள், வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லுங்கள். காட்டு இறைச்சி மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். வாங்குகிற கை இருக்கும்வரை கண்ணி வைக்கிற கையும் இருக்கும்.

மாணவர்களே, தோட்ட ஓரத்தில் கம்பிச் சுருக்கைப் பார்த்தால் தொடாதீர்கள். அப்பாவிடமோ ஆசிரியரிடமோ வந்து சொல்லுங்கள்.

பாட்டன் புலிக்குப் பயந்தார். பேரன் புலிக்காகக் கவலைப்பட வேண்டிய காலம் இது. உங்கள் பிள்ளைகளும் புலியைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்க்கும்படி விட்டுவிடாதீர்கள்.

பரிசு பெறும் அனைவருக்கும் வாழ்த்துகள்.